சுரங்கத்துக்கும் கண்டல் காட்டுக்கும் நடுவே



1962 முதல் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி மின்சாரமாகி வருகிறது. வெட்டியெடுக்கும் நிலக்கரியின் எடையில் ஏறத்தாழ பாதி ஈரம்தான். அதனால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு கிலோவுக்கும் கூடுதலான கரியமில வாயு வெளியேறுகிறது. தமிழ்நாட்டின் வீடுகளுக்கு ஒளி கொடுத்த உழைப்பை நான் வணங்குகிறேன். அந்தப் புகையின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதையும் நெய்வேலியில் கூடியிருக்கும் இதே அவையில்தான் பேச வேண்டும்.

விலை கொடுப்பவற்றில் ஒன்று நம் கடலூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த பிச்சாவரம் கண்டல் காடு. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த தில்லை மரத்தை இன்றும் அங்கே காணலாம்.

கண்டல் மரம் உப்பைத் தாங்கும். ஆனால் உப்பை மட்டுமே குடித்து வாழாது. ஆற்றின் நன்னீர் அதற்கு வேண்டும், ஆறு கொண்டுவரும் வண்டலும் வேண்டும். மேலே அணைகள் வந்தபின் நன்னீர் குறைந்தது. நன்னீரை நாடும் இனங்கள் அருக, உப்பைக் கூடுதலாகத் தாங்கும் வெண்கண்டலே காட்டின் பெரும்பகுதியாகிவிட்டது. முற்காலத்தில் மரங்களை மொத்தமாக வெட்டிய இடங்களில் மண் காய்ந்து தாழ்ந்தது. ஓதநீர் வடியாமல் தேங்கி உப்புப் பூத்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் மீன்முள் வடிவில் கால்வாய் வெட்டி ஓதத்தை உள்ளே வரவும் வெளியே போகவும் விட்டார்கள். காடு மீண்டது. இப்படிப்பட்ட வேலைக்குத்தான் விழா எடுக்க வேண்டும்.

மீண்ட காட்டுக்கு இப்போது கடலே நெருக்கடி. கடல்மட்டம் உயர உயர, வண்டலைப் பிடித்து மண்ணை உயர்த்திக்கொண்டால் கண்டல் பிழைக்கும். இல்லையேல் நிலப்பக்கம் நகர வேண்டும். வண்டலோ குறைந்துவிட்டது. நிலப்பக்கத்தில் வயலும் இறால் பண்ணையும் வீடுகளும் நிற்கின்றன. காடு எங்கே போகும்? அதன் வேர்களுக்கிடையே வளரும் இறால், நண்டுக் குஞ்சுகளும் அவற்றை நம்பும் மீனவரும் எங்கே போவார்கள்?

மழையின் போக்கும் மாறுகிறது. 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 48 செ.மீ. கொட்டியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காற்று சூடேறச் சூடேற, கூடுதல் ஈரத்தைத் தாங்கி இப்படிக் கொட்டித் தீர்க்கும் நாட்கள் பெருகும். அந்த வெள்ளம் நிற்காமல் கடலுக்கு ஓடிவிடுகிறது. சித்திரையில் கண்டலுக்குச் சொட்டு நன்னீர் இல்லை. கடலூர்க் கரையில் முட்டையிடும் பங்குனி ஆமைக்கு வேறொரு துயரம்: மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது, சூடு மிகுந்தால் ஆண் குஞ்சுகள் அருகிவிடும்.

நிலக்கரியைக் கைவிடும் காலம் பற்றிய பேச்சில் இந்த ஊர்த் தொழிலாளர் குடும்பங்களின் பிழைப்பும் சேர்ந்தே இருக்க வேண்டும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்று உண்டு. வெள்ளாறு, கொள்ளிடம் நீரைப் பங்கிடும்போது பாசனத்தோடும் குடிநீரோடும் கோடை மாதங்களில் பிச்சாவரத்துக்கென்று ஒரு பங்கை எழுதி வைக்கும்படி நெய்வேலி மக்கள் அரசிடம் கேட்க வேண்டும்.