காதுக்குக் கேட்காத குறி



ஆங்கிலத்தில் 'இட்ஸ்' என்று ஒரு சொல். நான் இப்போது சொன்னதைக் கேட்டு எழுதச் சொன்னால், சிலர் டி-க்கும் எஸ்-க்கும் நடுவே மேலே ஒரு சின்னக் கொக்கி போடுவீர்கள். சிலர் போடமாட்டீர்கள். யார் எழுதியது சரி என்று என்னாலும் சொல்ல முடியாது. முழு வாக்கியத்தையும் கேட்டால்தான் தெரியும். அந்தக் கொக்கிதான் அபாஸ்ட்ரஃபி. அதற்கு ஒலி கிடையாது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களே இதில் இடறுகிறார்கள் என்றால், காரணம் இதுதான்.

பள்ளிக்கூடத்தில் இதற்கு இரண்டு வேலை என்று சொல்லித் தருகிறார்கள். 'டூ நாட்' என்பதை 'டோன்ட்' என்று சுருக்குவது ஒன்று. ராமுவின் புத்தகம் என்று சொல்ல, ராமு என்று எழுதிக் கொக்கி போட்டு எஸ் சேர்ப்பது மற்றொன்று. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். சம்பந்தம் உண்டு. யாராவது அதைச் சொல்லிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழக்கத்தைப் பார்த்து ஆங்கிலம் இந்தக் குறியை எடுத்துக்கொண்டது. இங்கே இருந்த எழுத்து விழுந்துவிட்டது என்பதே அன்று அதன் பொருள். 'டோன்ட்' என்பதில் விழுந்தது ஓ. சரி, ராமுவின் புத்தகத்தில் எந்த எழுத்து விழுந்தது? பழைய ஆங்கிலத்தில் 'அரசனுடைய' என்று சொல்ல, அரசன் என்ற சொல்லோடு ஈ, எஸ் என இரண்டு எழுத்துகளைச் சேர்த்தார்கள். நம் ஆறாம் வேற்றுமை உருபுபோல அதுவும் ஓர் உருபு. நாளாவட்டத்தில் அந்த ஈ பேச்சிலிருந்து உதிர்ந்தது. அதன் இடத்தில் கொக்கி வந்து உட்கார்ந்தது. உடைமையைக் காட்டும் குறியும் பிறப்பால் சுருக்கக் குறிதான்.

ஆங்கிலேயர்களே இதை ஒரு காலத்தில் மறந்துபோனார்கள். 'கிங் ஹிஸ் புக்', அதாவது 'அரசன், அவன் புத்தகம்' என்பதுதான் சுருங்கியது என்று நம்பினார்கள். அப்படி எழுதும் வழக்கமும் இருந்தது. பென் ஜான்சன் தன் நாடகம் ஒன்றுக்கு 'செஜானஸ் ஹிஸ் ஃபால்' என்றே பெயர் வைத்தார். 1755இல் அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சன் இதை மறுத்தார். பெண்ணைக் குறிக்கும் சொல்லுக்கும் இதே எஸ்தானே வருகிறது, அங்கே ஆணுக்குரிய 'ஹிஸ்' எப்படிப் பொருந்தும் என்பது அவர் வாதம். இலக்கண வாதங்களில் இவ்வளவு எளிமையாக, இவ்வளவு உறுதியாக நிற்பவை குறைவு.

இப்போது 'இட்ஸ்' விஷயத்துக்கு வருவோம். 'இட் இஸ்' என்பதன் சுருக்கத்துக்குக் கொக்கி உண்டு. 'அதனுடைய' என்ற பொருளில் வந்தால் கிடையாது. இது இன்றைய விதி. ஆனால் 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்புச் சட்டத்தில், முதல் உறுப்பின் பத்தாம் பிரிவில், 'அதனுடைய' என்ற பொருளில் வரும் சொல்லுக்குக் கொக்கி போட்டிருக்கிறார்கள். அதை எழுதியவர்கள் படித்த மேதைகள். அன்று அப்படி எழுதுவதும் வழக்கத்தில் இருந்தது. 'ஹிஸ்', 'ஹெர்ஸ்', 'அவர்ஸ்' எதற்குமே கொக்கி இல்லாதபோது இதற்கு மட்டும் எதற்கு என்ற நியாயம் பின்னால்தான் வென்றது. இன்று ஒரு பிள்ளை அதே இடத்தில் கொக்கி போட்டால் சிவப்பு மையால் சுழிக்கிறோம். சுழிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முட்டாள் என்று திட்ட அதில் எதுவுமில்லை.

பன்மையில் இன்னும் சிக்கல். நம் ஊரில் 'பாய்ஸ் ஹாஸ்டல்' பலகைகளைப் பாருங்கள். எஸ்-க்கு முன்னால் கொக்கி, பின்னால் கொக்கி, கொக்கியே இல்லாமல் என்று மூன்று விதமும் கண்ணில் படும். பல பையன்களுக்குரிய விடுதி என்றால் எஸ்-க்குப் பின்னால் போடுவதே இலக்கணம். அங்கே எந்த எழுத்தும் விழவில்லை. ஒருமையையும் பன்மையையும் பிரித்துக் காட்டப் பிற்காலத்தில் செய்துகொண்ட ஏற்பாடு அது. லண்டன் சுரங்க ரயிலிலும் இந்தச் சீரின்மை உண்டு. 'ஏர்ல்ஸ் கோர்ட்' நிலையத்தின் பெயரில் கொக்கி இருக்கிறது. அடுத்த நிலையமான 'பேரன்ஸ் கோர்ட்' பெயரில் இல்லை.

நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா 'டோன்ட்', 'வோன்ட்' போன்றவற்றைக் கொக்கி இல்லாமலே எழுதினார். ஆனால் 'ஹீ வில்' என்பதன் சுருக்கத்தில் விடாமல் போட்டார். எடுத்துவிட்டால் அது நரகம் என்ற சொல்லாகிவிடும்! பொருள் மாறும் இடத்தில் குறி வேண்டும் என்ற அந்தக் கொள்கை எனக்குச் சரியாகவே படுகிறது. ஆனால் தேர்வு எழுதும் பிள்ளைக்கு ஷாவின் சுதந்திரம் கிடையாது.

ஆகவே வீட்டில் சொல்லிக் கொடுக்கும்போது இப்படிச் செய்யுங்கள். 'இட்ஸ்' வரும் இடத்தில் 'இட் இஸ்' என்று விரித்துப் படிக்கச் சொல்லுங்கள். பொருந்தவில்லையென்றால் 'இட் ஹாஸ்' என்று படிக்கச் சொல்லுங்கள். இரண்டில் ஒன்று பொருந்தினால் கொக்கி போடலாம். இரண்டுமே பொருந்தவில்லையென்றால் போடக் கூடாது. 'யாருடைய' என்று கேட்கும் 'ஹூஸ்' என்ற சொல்லையும் இப்படியே, 'ஹூ இஸ்', 'ஹூ ஹாஸ்' என்று விரித்துச் சோதிக்கலாம்.