மாணாக்கரும் உறக்கமும்



கல்வியைப் பற்றிப் பேசவேண்டிய மேடையில் உறக்கத்தைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். சிலருக்கு நகைப்பு வரலாம். ஆயினும் முதற் பாடவேளையிலேயே கண் செருகும் பிள்ளைகளை நாள்தோறும் காணும் ஆசிரியர்களாகிய நமக்கு இது நகைப்பிற்குரிய செய்தியன்று. அப்பிள்ளையைச் சோம்பேறி என்கின்றனர். அவன் நம் தெருப் பிள்ளையாயின், 'இவனுக்குப் படிப்பு ஏறாது' என்று தீர்ப்பே எழுதி விடுகின்றனர். இரவு எத்தனை மணிக்குப் படுத்தான், விடியுமுன் எத்தனை குடம் நீர் சுமந்தான் என்று கேட்பார் இல்லை.

13 முதல் 18 வயது வரையிலானோர்க்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும் என்பது மருத்துவ அறிஞர்தம் முடிபு. மேலும் இப்பருவத்தில் உடலின் கடிகாரமே சற்றுப் பின்தங்கி ஓடுகின்றது. உறக்கத்திற்கு அழைக்கும் மெலடோனின் என்னும் சுரப்பு, சிறுவர்க்குச் சுரப்பதைவிடக் காலந்தாழ்த்தியே சுரக்கின்றது. எனவே இரவில் கண் மூடாதிருப்பதும், காலையில் எழுப்பினாலும் எழாதிருப்பதும் வெறும் குறும்பல்ல. இவ்வுடற்கடிகாரம் இயங்கும் நுட்பத்தைக் கண்டறிந்த மூவர்க்கு 2017-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30 மணிக்கு முன் தொடங்கலாகாது என 2019-இல் சட்டமியற்றி, 2022 முதல் நடைமுறைப்படுத்தினர். ஏழு மணிக்கே சிறப்பு வகுப்பு வைக்க விரும்பும் தலைமையாசிரிய நண்பர்கள் இதனைக் கருத வேண்டுகின்றோம்.

பகலில் கற்றது மூளையில் ஊன்றி நிலைபெற உறக்கம் வேண்டும். உடலை வளர்க்கும் சுரப்பும் ஆழ்ந்த உறக்கத்தில்தான் மிகுதியாகச் சுரக்கின்றது. தேர்வுக்கு முன்னாள் தேநீர் குடித்துக் குடித்து விடிய விடிய விழித்திருப்பவன், விதைத்ததை முளைக்கவிடாமல் கிளறுகின்றான்.

'டாக்டர் அம்பேத்கர் இரவில் விழித்துப் படிக்கவில்லையா?' என்று மாணவர் சிலர் கேட்பதுண்டு. படித்தார், மறுக்கவில்லை. பம்பாய் பரேல் பகுதியில் ஒரே அறை கொண்ட வீடு அவர்களுடையது. ஆகவே சிறுவர் பீமராவ் முன்னிரவிலேயே உறங்கிவிடுவார். தந்தை ராம்ஜி இரண்டு மணிவரை விழித்திருந்து, மகனை எழுப்பிப் படிக்க வைத்துவிட்டு, அதன் பின்னரே தாம் படுப்பார். பிற்பாதியை மட்டும் மேடைகளில் சொல்லிச் சொல்லி, முற்பாதியை மறந்துவிட்டோம். மகன் உறங்குவதற்கு ஒரு தந்தை தம் உறக்கத்தை ஈந்த வரலாறும் அதில் அடங்கியிருக்கின்றதே!

நம் வீடுகள் பலவும் இன்னும் ஓரறை வீடுகளே. தனியறை கொடுக்க இயலாது. ஆனால் தொலைக்காட்சியை ஒன்பது மணிக்கு நிறுத்த இயலும். கைப்பேசியைப் பிள்ளையின் தலையணையருகே விடாமல் தாயாரே வாங்கி வைத்துக்கொள்ள இயலும். குறிப்பாகப் பெண் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். இரவு பாத்திரம் துலக்கிக் கடைசியாகப் படுப்பவளும் அவளே. வாசல் தெளிக்க முதலில் எழுபவளும் அவளே. அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு குடம் தூக்கினால் அவளுக்கு ஒரு மணி நேர உறக்கம் கூடும்.

கழக நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். இரவுப் படிப்பகத்தின் விளக்குகளை ஒன்பதரை மணிக்கு அணைத்து, பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பி விடுங்கள். தேர்வுக் காலத்திலும் அந்நேரத்தை மாற்ற வேண்டா.