நிரைகளின் நடுவே பயறும் கீரையும்

(சிம்பாங் அம்பாட் வட்டாரத் தோட்டப் பாட்டாளிகளிடையே நிகழ்த்திய உரை)



முதிர்ந்த ரப்பர் மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்தால், இளங்கன்றுகள் பால் தருவதற்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகின்றன. அவற்றுள் முதல் மூன்று ஆண்டுகள் நிரைகளுக்கிடையே வெயில் தாராளமாக விழுகிறது. ஒரு கட்டுக் கீரைக்கும் காசை எண்ணிக் கொடுக்கும் குடும்பங்கள் அவ்வெயிலை வீணே விடலாமா? 1974-ஆம் ஆண்டு அரசாங்கம் தொடங்கிய பசுமைப் புத்தகத் திட்டமும் வெற்று நிலத்தில் உணவுப் பயிர் விளைவிப்பதையே வற்புறுத்தியது.

காய்கறி வைத்தால் ரப்பருக்குரிய சத்து குறைந்துவிடும் என நிர்வாகத்தினர் அஞ்சுவதுண்டு. அவ்வச்சம் முற்றிலும் பொருளற்றதன்று. மரவள்ளி மண்ணின் சத்தை மிகுதியாய் உறிஞ்சும். ரப்பரைக் கொல்லும் வெள்ளை வேர்நோய்க்கும் இடங்கொடுக்கும். அதனை நிரைகளுக்கிடையே நடவேண்டாமென வேண்டுகிறோம். பயறு வகைகளோ வேறு இயல்பின. தோட்டங்களில் பியூராரியா, கலப்பகோனியம், சென்ட்ரோசீமா ஆகிய மூடுகொடிகளை வளர்ப்பது மண்ணரிப்பைத் தடுப்பதற்கு மட்டுமன்று. அவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருகின்றன. நிலக்கடலையும் பயற்றங்காயும் அதே தொழிலைச் செய்கின்றன.

ஐயமுறுவோர் நிலக்கடலைச் செடியொன்றை மெல்லப் பெயர்த்து, வேர்முடிச்சைக் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாயிருப்பின் நுண்ணுயிர் வேலை செய்கிறது என்று பொருள். ஆசிரியராய் இருந்த காலத்தில் இதனைக் கரும்பலகையில் பலமுறை வரைந்து காட்டினோம். அச்சிவப்பை நேரில் கண்டபொழுதுதான் மாணவர் நம்பினர்!

காய் பறித்தபின் செடியைப் பிடுங்கி எரித்துவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. காயோடு சத்தின் பெரும்பகுதி வெளியேறிவிடுகிறது. இலையையும் எரித்துவிட்டால் மண்ணுக்கு என்ன மிஞ்சும்? பயற்றங்கொடியைத் தரையோடு அறுத்து, வேரை உள்ளேயே விட்டுவிடுங்கள். நிலக்கடலையைப் பிடுங்கத்தான் வேண்டும். அதன் கொடியையாவது பாத்தியில் பரப்பலாம். பின்னர் அதே பாத்தியில் தண்டுக்கீரையோ காங்கோங்கோ சாவியோ விதையுங்கள். கீரைக்கு முதன்மையாய் வேண்டுவது தழைச்சத்தே. ஏறத்தாழ ஒரு மாதத்தில் சட்டிக்கு வந்துவிடும்.

மாட்டெருவையும் கோழியெருவையும் பச்சையாக இடலாகாது, வேர் வெந்துவிடும். எருவையும் தழையையும் மாறி மாறி அடுக்கி, ஈரம் காத்து, அவ்வப்பொழுது கிளறிவிட்டால், இரண்டு மூன்று மாதங்களில் சூடு தணிந்து கருமண்ணாய் உதிரும். மேலே தகரமோ ஓலையோ போடுங்கள். இங்குப் பெய்யும் மழையில், மூடாத எருவின் சத்து கால்வாய்க்கே போய்ச் சேரும்.

பாத்தி கன்றிலிருந்து மூன்று நான்கு அடி தள்ளியும், சரிவு நிலமாயின் சரிவுக்குக் குறுக்காகவும் அமையட்டும். மூடுகொடி படர்ந்த இடத்தை மேலாளரின் இசைவின்றி வெட்டவேண்டாம். புதுக்கன்று நட்ட பகுதி எதுவென்று கிராணியாரிடம் கேட்டறிந்து, அங்கு முதலில் நான்கு பாத்திகளுக்கு மட்டும் இசைவு கேளுங்கள். களைக்கொல்லி அடிக்கும் நாளையும் அப்பொழுதே கேட்டு வையுங்கள். அம்மருந்து பட்ட கீரையைப் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுதல் கூடாது.