மனக் கொந்தளிப்பும் கற்றுக்கொள்ளக் கூடிய திறன்களும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



நூறு ஆண்டுகளாக இந்தப் பாடசாலை பெண்பிள்ளைகளுக்குக் கணிதம், விஞ்ஞானம், சங்கீதம் எனப் பலவற்றைக் கற்பித்து வந்திருக்கிறது. கோபம் தலைக்கேறும்போதும், வெட்கத்தில் உடல் குறுகும்போதும் என்ன செய்வது என்பதை மட்டும் நாம் எல்லோரும் தானாக வரும் என்று விட்டுவிடுகிறோம். பலருக்கு அது தானாக வருகிறது, சிலருக்கு வருவதில்லை. அது அவர்களுடைய குணக்கேடு அல்ல. அவர்களும் அதைக் கற்றுக்கொள்ளலாம் என்பதே இன்று நான் சொல்ல வந்த செய்தி.

அவ்வாறு கற்பிக்கும் ஒரு சிகிச்சை முறைக்கு 'இயங்கியல் நடத்தைச் சிகிச்சை' என்று பெயர். சுருக்கமாக டி.பி.ரி. என்பார்கள். இதை உருவாக்கியவர் அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் மார்ஷா லினஹான். மீண்டும் மீண்டும் தம்மைக் காயப்படுத்திக்கொண்ட பெண்களுக்கு உதவவே அவர் இதை வகுத்தார். 1991இல் வெளியான முதலாவது ஒப்பீட்டு ஆய்வில், ஓராண்டு இச்சிகிச்சை பெற்றவர்கள், வழமையான சிகிச்சை பெற்றவர்களைவிடத் தம்மைக் காயப்படுத்திக்கொண்டது குறைவு. இடைநடுவில் விலகியவர்களும் குறைவு. 2011இல் லினஹான் ஓர் உண்மையைப் பகிரங்கமாகச் சொன்னார்: 17 வயதில் தானும் ஒரு மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அங்கே இருந்தவர் என்று.

உணர்ச்சிகள் மிகுந்த பிள்ளைகளைப் பற்றி அவர் தரும் விளக்கம் எளிமையானது. அவர்களுக்குச் சிறு விடயமும் சட்டென்று தைக்கும், ஆழமாகத் தைக்கும், ஆறுவதற்கு நீண்ட நேரம் எடுக்கும். இது பெரும்பாலும் உடலமைப்போடு வருவது. இதனோடு, "இதுக்கெல்லாம் அழுறதா?", "நடிக்காதை", "மற்றப் பிள்ளையள் இருக்கினம்தானே" என்ற சொற்களும் நாள்தோறும் சேர்ந்தால், தன் மனதில் நடப்பதை அந்தப் பிள்ளை நம்பவே மாட்டாள். மெதுவாகச் சொன்னதை ஒருவரும் கேட்காதபோது உரத்துக் கத்தப் பழகுவாள், அல்லது ஒன்றுமே சொல்லாமல் இருக்கப் பழகுவாள்.

'இயங்கியல்' என்றால் எதிரெதிராகத் தோன்றும் இரண்டு உண்மைகளைச் சேர்த்துப் பிடிப்பது. "நீ படும் வேதனை உண்மையானது" என்பது ஒன்று. "நீ மாறவும் வேண்டும்" என்பது மற்றொன்று. முதலாவதை மட்டும் சொன்னால் பிள்ளை நின்ற இடத்திலேயே நிற்பாள். இரண்டாவதை மட்டும் சொன்னால் காதைப் பொத்திக்கொள்வாள்.

இச்சிகிச்சையில் நான்கு வகைத் திறன்கள் கற்பிக்கப்படுகின்றன. ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு மாணவி தோழிக்குச் செய்தி அனுப்புகிறாள். தோழி அதைப் பார்த்தும் பதில் போடவில்லை. மறுநாள் வகுப்பில் வேறு மேசையில் போய் இருக்கிறாள்.

முதலாவது, விழிப்புடன் கவனித்தல். "அவள் வேறு மேசையில் இருக்கிறாள்" என்பது கண்ணால் கண்டது. "அவளுக்கு என்னைப் பிடிக்கவில்லை" என்பது மனம் சொன்னது. இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகுவது.

இரண்டாவது, நெருக்கடியைத் தாங்குதல். கொந்தளிப்பு உச்சத்தில் இருக்கும்போது புத்திமதி ஏறாது. அந்த நேரத்தில் உடலைத்தான் முதலில் தணிக்க வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சில விநாடிகள் குளிர்ந்த நீரில் அமிழ்த்தினால் இதயத் துடிப்பு மெதுவாகும். நீரில் மூழ்கும்போது உடலில் இயல்பாக நிகழும் மாற்றம் இது. இதய நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

மூன்றாவது, உணர்ச்சியை ஒழுங்குபடுத்தல். இந்த உணர்ச்சி நடந்ததற்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பது. பொருந்தாவிட்டால், அது தூண்டுவதற்கு எதிரானதைச் செய்வது. வெட்கம் "நாளைக்குப் பாடசாலைக்குப் போகாதே" என்கிறதா? தலையை நிமிர்த்திக்கொண்டு போவது. உண்மையாகவே அநீதி நடந்திருந்தால், அதைத் தீர்க்கும் வழியைத் தேடுவது.

நான்காவது, உறவைக் காத்துக்கொண்டே பேசுதல். "நேற்று நீ பதில் போடவில்லை. எனக்கு அந்தரமாக இருந்தது. ஏதும் கோபம் என்றால் சொல்லு." நடந்தது, உணர்ந்தது, கேட்பது: இந்த மூன்றும் போதும். பழி சொல்லவும் வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம்.

முழுமையான சிகிச்சையில் வாரந்தோறும் தனிச் சந்திப்பு, குழுவாகத் திறன் பயிலும் வகுப்பு, நெருக்கடியில் தொலைபேசி வழிகாட்டல் ஆகியன உண்டு. சிகிச்சை அளிப்போரும் தம்முள் கூடி ஒருவருக்கொருவர் துணைநிற்பார்கள். ஓர் உரையைக் கேட்டு இது கைவந்துவிடாது. வயலின் போல, சாதகம் வேண்டும்.

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளையின் வேதனையை ஏற்றுக்கொள்வது, அவள் செய்ததைச் சரி என்று சொல்வதாகாது. "பெறுபேறு இப்படி வந்தது உனக்குத் தாங்கமுடியாமல் இருக்கும்" என்று முதலில் சொல்லுங்கள். அறிவுரை பிறகு வரட்டும்.

ஒரு பிள்ளை தன்னைக் காயப்படுத்திக்கொண்டால், அல்லது "நான் இருந்து என்ன" என்று சொன்னால், ஏசாதீர்கள். உயிரை மாய்க்கும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. அவளைத் தனியே விடாமல் மருத்துவமனையின் உளமருத்துவப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். "நாளைக்குக் கலியாணம் பேச வருகிறவர்கள் என்ன சொல்வார்கள்" என்று மறைப்பதால், சிகிச்சைக்குரிய நாட்கள் வீணாகின்றன. அந்த நாட்கள் சில வேளை திரும்பி வருவதில்லை.

எங்கள் சங்கம் இந்தப் பாடசாலைக்கு எத்தனையோ உதவிகளைச் செய்திருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்னுமொன்று செய்வோம். ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியருக்கு, கதவைச் சாத்திவிட்டுப் பேசக்கூடிய ஓர் அறையையும், தொடர்ந்த பயிற்சியையும் கொடுப்போம். அழுதுகொண்டு வரும் பிள்ளை அந்த அறையில் முதலில் கேட்பது, "இரு பிள்ளை, ஆறுதலாகச் சொல்லு" என்ற சொல்லாக இருக்கட்டும்.