பக்கத்தில் உட்கார்ந்தது யார்?

(பனமலையில் நடைபெற்ற கூட்டமைப்புக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்னைக்கு சேமிப்பு, வட்டி, வங்கிக் கடன் பத்தி நாம பேசப் போறதில்லை. பள்ளிக்கூடத்தையும் தொற்று நோயையும் பத்திப் பேசப் போறோம். "கொரோனாதான் போயிடுச்சே, இப்ப எதுக்கு?"ன்னு சிலருக்குத் தோணலாம். உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று கொரோனா அவசர நிலை முடிந்தது என்று அறிவித்தது உண்மைதான். ஆனால் சின்னம்மை, பொன்னுக்கு வீங்கி, விஷக் காய்ச்சல் எல்லாம் இன்னும் நம் பிள்ளைகளின் வகுப்புக்கு வந்து போய்க்கிட்டுதான் இருக்கு. ஒரு பிள்ளைக்கு வந்தால் மற்ற பிள்ளைகளை எப்படிக் காப்பது என்கிற கேள்வி அப்படியே இருக்கு.

நடந்ததைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினாங்க. மே மாதம் கோயம்பேடு மார்க்கெட்டில் இருந்து ஊர் திரும்பினவங்களை நம் விழுப்புரம் மாவட்டத்தில் வீடு வீடாகத் தேடிப் பரிசோதனை செய்தாங்க. யார் லாரியில் யார் வந்தாங்க, எந்த வீட்டில் இறங்கினாங்க, யாரோடு சாப்பிட்டாங்கன்னு விசாரிச்சாங்க. தொடர்பில் இருந்தவர்களைக் கண்டறிவது என்று சொன்னது இதைத்தான். அப்படிக் கண்டறிஞ்சவங்களைத் தனியாகத் தங்க வைக்கத் தமிழ்நாட்டில் பல இடங்களில் பள்ளி, கல்லூரிக் கட்டிடங்களைத்தான் எடுத்தாங்க.

பிறகு 2021 ஜனவரி 19 அன்று 10, 12ஆம் வகுப்புகளும், பிப்ரவரி 8 அன்று 9, 11ஆம் வகுப்புகளும் திறந்தன. பெற்றோர் சம்மதக் கடிதம் வேணும், ஒரு அறையில் 25 பேர்தான், வாசலில் காய்ச்சல் பார்க்கும் கருவி. மார்ச்சில் தஞ்சாவூர் மாவட்டம் அம்மாபேட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் ஒரு மாணவிக்குத் தொற்று தெரிஞ்சது. மற்ற மாணவிகளைப் பரிசோதிச்சாங்க. 50க்கும் மேற்பட்ட பெண் பிள்ளைகளுக்கு இருந்தது. பார்க்காமல் விட்டிருந்தால் அத்தனை பேரும் தினமும் பஸ் ஏறி, வீட்டுக்குப் போய், பாட்டி தாத்தா பக்கத்தில் படுத்திருப்பாங்க. மார்ச் 22 முதல் 9, 10, 11ஆம் வகுப்புகளை மறுபடி மூடிட்டாங்க.

இதில் வேலை எப்படி நடக்குதுன்னு நாம புரிஞ்சுக்கணும். கொரோனாவில் ஒருவருக்குக் காய்ச்சல் வருவதற்கு இரண்டு நாள் முன்பே அவரிடமிருந்து நோய் பரவ ஆரம்பிச்சிடும். அதனால் ஆசிரியர் இன்றைய வருகைப் பதிவேட்டை மட்டும் பார்த்தால் பத்தாது, இரண்டு நாள் பின்னால் போகணும். அன்று யார் வந்தாங்க, யார் பக்கத்தில் உட்கார்ந்தாங்க, யார் டிபன் பாக்ஸைப் பகிர்ந்து சாப்பிட்டாங்க, ஷேர் ஆட்டோவில் யாரோடு வந்தாங்க. பிள்ளைகள் தினமும் அதே இடத்தில்தான் உட்காரணும்னு அப்போது சொன்னதுக்குக் காரணம் இதுதான். இடம் மாறினால் கணக்கு தப்பிடும்.

இன்னொரு குழப்பமும் நிறைய பேருக்கு இருந்தது. "எம் புள்ளைக்கு டெஸ்ட்ல இல்லைன்னு வந்துடுச்சே, ஏன் வீட்டுல வச்சிக்கணும்?"னு சண்டைக்கே வந்தாங்க. நோய் உள்ளே புகுந்த உடனே பரிசோதனையில் தெரியாது. அஞ்சாறு நாள் கழிச்சும் தெரியலாம், சிலருக்கு 14 நாள் வரைக்கும் ஆகும். அதனால்தான் முதலில் 14 நாள் என்று வைச்சாங்க. நோயாளியைப் பிரிச்சு வைக்கிறது வேற. நோய் வந்தாலும் வரலாம்னு பக்கத்தில் இருந்தவரைக் காத்திருக்க வைக்கிறது வேற. நாம ரெண்டையும் 'தனிமை'ன்னே சொல்லிட்டதால், நல்லா இருக்கிற பிள்ளையையும் ஊரே நோயாளியாப் பார்த்தது.

நாங்க களத்தில் போகும்போது அதிகமாகப் பார்த்தது பயம்தான். காலையில் பாராசிட்டமால் மாத்திரை கொடுத்து, வாசல் கருவியில் காய்ச்சல் காட்டாத மாதிரி அனுப்பின தாய்மார்களும் உண்டு. அவங்களைக் குறை சொல்ல முடியுமா? பிள்ளை 14 நாள் வீட்டில் இருந்தால் அம்மாவும் வீட்டில்தான். நாத்து நடவும் போக முடியாது, மல்லாட்டை பிடுங்கவும் போக முடியாது. கூலி போச்சு. பால் ஊத்துறவர் வாசலுக்கு வரமாட்டார். தவணை நாள் மட்டும் சொன்ன தேதிக்குச் சரியா வந்து நிக்கும். உண்மையைச் சொன்னால் இத்தனை கஷ்டம்னா யார் சொல்லுவாங்க?

நம்ம ஊரில் அம்மை போட்ட வீட்டை நினைச்சுப் பாருங்க. வாசலில் வேப்பிலை சொருகுவோம். வெளியாள் உள்ளே போக மாட்டோம், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப மாட்டோம், தண்ணி ஊத்தும் வரை காத்திருப்போம். அதுவும் தனிமைதான். ஆனால் அந்த வீட்டை யாரும் கேவலமாப் பேசினதில்லை. இளநீர் வெட்டிக் கொண்டு போய்த் திண்ணையில் வைச்சுட்டு வருவோம். கொரோனாவில் தெருவை மறிச்சுத் தகரம் அடிச்சாங்க, வீட்டுச் சுவரில் நோட்டீஸ் ஒட்டினாங்க. வேப்பிலையும் அறிவிப்பு, நோட்டீஸும் அறிவிப்பு. ஒண்ணைப் பார்த்து மரியாதையா ஒதுங்கினோம், இன்னொண்ணைப் பார்த்துப் பயந்து ஓடினோம். அதிகாரிகளின் உத்தரவு இல்லாமல் வீட்டு வாசலில் இப்படி ஒட்டக்கூடாதுன்னு உச்ச நீதிமன்றமே 2020 டிசம்பரில் சொன்னது. (வேப்பிலை போதும், ஆஸ்பத்திரி வேண்டாம்னு நாங்க சொல்றதா நினைச்சுடாதீங்க. அம்மைக்கும் டாக்டரைப் பார்க்கணும்.)

கூட்டம் கூட்டமாகப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பறதும் சரியில்லை. இங்கிலாந்தில் ஒரு பிள்ளைக்கு வந்தால் முழு வகுப்பையே அனுப்பி வைச்சாங்க. 2021 ஜூலையில் ஒரே சமயத்தில் சுமார் 10 லட்சம் பிள்ளைகள் இந்தக் காரணத்தால் பள்ளிக்கு வரலை, பெரும்பாலானவங்களுக்கு நோயே இல்லை. அடுத்த மாதமே அந்த விதியைத் தளர்த்திட்டாங்க. இங்கேயும் நாள் குறைஞ்சது. 2022 ஜனவரியில் வீட்டுத் தனிமை 7 நாள்னு ஆச்சு. யார் பக்கத்தில் உட்கார்ந்ததுன்னு சரியாத் தெரிஞ்சால் நாலு பிள்ளைகளை நிறுத்தினால் போதும். தெரியாதபோதுதான் பள்ளியையே மூட வேண்டி வருது. மூடினால் நஷ்டம் யாருக்கு? போன் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு. சத்துணவை நம்பி வந்த பிள்ளைக்கு. அரிசியும் பருப்புமா வீட்டுக்குக் கொடுத்தாங்க, ஆனால் சமைச்ச சோறு ஆகுமா? அந்த இடைவெளியை நிரப்பத்தான் 2021 அக்டோபர் 27 அன்று நம் மாவட்டத்தில், மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில், இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை முதலமைச்சர் தொடங்கி வைத்தார். நம் குழுக் குடும்பத்துப் பெண்களும் தன்னார்வலர்களாச் சேர்ந்து திண்ணையில் பாடம் சொல்லிக் கொடுத்தாங்க.

இப்ப நம் குழுக்கள் செய்ய வேண்டியதுக்கு வருவோம். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் அதிகம், அதிலும் பெண்கள் அதிகம். அடுத்த கூட்டத்தில் தலைமை ஆசிரியரிடம் கேளுங்க: ஒரு பிள்ளைக்கு அம்மை வந்தால் யாருக்குச் சொல்லுவீங்க, பேரை வெளியே சொல்லாமல் மற்ற பெற்றோருக்கு எப்படித் தெரிவிப்பீங்க, வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு யார் பாடம் கொடுத்தனுப்புவாங்க? பிள்ளைக்குச் சின்னம்மைன்னா கொப்புளம் எல்லாம் பொருக்கு தட்டும் வரை அனுப்பாதீங்க. பொன்னுக்கு வீங்கின்னா வீக்கம் வந்து அஞ்சு நாள். கிராம சுகாதார செவிலியருக்குச் சொல்லிடுங்க. 104க்குப் போன் போட்டும் ஆலோசனை கேட்கலாம்.

அடுத்தது நம் கையில் இருக்கிறது. தொற்று நோயால் பிள்ளையை வீட்டில் வைத்திருக்கும் உறுப்பினருக்கு அந்த மாத உள்கடன் தவணையைத் தள்ளி வைக்கணும், அபராதம் போடக்கூடாது. அவசரம்னா குழு நிதியில் இருந்து சிறு தொகை கொடுக்கணும். கடைக்குப் போய் சாமான் வாங்கி வாசலில் வைக்க, பக்கத்து வீட்டு உறுப்பினர் ரெண்டு பேர் பொறுப்பு எடுத்துக்கணும். இதைச் செஞ்சால் மாத்திரை கொடுத்து மறைச்சு அனுப்ப வேண்டிய அவசியம் அந்தம்மாவுக்கு இருக்காது.

வங்கித் தவணையைத் தள்ளுவது நம் அதிகாரத்தில் இல்லை, அதை மேலாளரிடம் தனியாகத்தான் கேட்கணும். உள்கடனுக்கு நாமளே முடிவு செய்யலாம். ஒவ்வொரு குழுவும் இந்த மாதக் கூட்டத்தில் விவாதிச்சுத் தீர்மான நோட்டில் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டு, நகலைப் பிரதிநிதி மூலமா கூட்டமைப்புக்கு அனுப்புங்க. தள்ளி வைப்பது ஒரு தவணையா ரெண்டு தவணையாங்கறதுல உங்களுக்குள்ள வேற வேற கருத்து இருக்கும். இப்பவே பேசிடலாம், பின்னாடி இருக்கிற அக்காமார்கள் முதலில் சொல்லுங்க.