மழை பொய்க்காத பாலை

அவைத் தலைவர் அவர்களே, கவிஞர் பெருமக்களே, இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவைச் சிறப்பிக்க வந்திருக்கும் அன்பர்களே!

முல்லையும் குறிஞ்சியும் வேனிலால் வளம் திரிந்து பாலையாகும் என்பது இளங்கோவடிகள் காட்டும் நெறி. மழை பொய்க்காமலே ஒரு குறிஞ்சி பாலையான வரலாறு நம் கொங்கு மண்ணில் உண்டு. அதுவே வால்பாறையின் வரலாறு.

ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால், ஏறத்தாழ 3,500 அடி உயரத்தில் வால்பாறை. அதற்கு அப்பால் கேரள எல்லை. அருகிலுள்ள சின்னக்கல்லாறு தமிழகத்தில் மிகுதியாக மழை பெறும் இடங்களுள் ஒன்று. பதிற்றுப்பத்து சுட்டும் உம்பற்காடு ஆனைமலைப் பகுதியே என்பர் அறிஞர். உம்பல் என்றால் யானை. அக்காட்டில் தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்த தொல்குடியினர் காடர்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் சோலைகளை வெட்டிக் காப்பியும் பின்னர்த் தேயிலையும் பயிரிட்டனர். காடர் தம் காட்டிலேயே ஒதுக்கப்பட்டனர். தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. மேஸ்திரிகள் முன்பணம் கொடுத்துச் சமவெளியின் வறண்ட சிற்றூர்களிலிருந்து ஏழை மக்களை மலையேற்றினர். முன்பணம் கடனாயிற்று, கடன் தளையாயிற்று. குளிரும் அட்டையும் மலேரியாவும் பலரை ஊர் திரும்பவிடவில்லை. பிரிவு பாலையின் உரிப்பொருள் அன்றோ?

இத்துயரை முதலில் நாவலாக்கியவர் நம் புலவருள் ஒருவர் அல்லர். தோட்ட மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல். அவருடைய 'ரெட் டீ' 1969இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என அது தமிழுக்கு வர 2007 ஆயிற்று.

நாம் அம்மலைக்குக் கடன்பட்டவர்கள். மேற்கே பாயும் நீராறு, சோலையாறு ஆகியவற்றின் நீரைப் பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம் சுரங்கங்கள் வழியே கிழக்கே திருப்பியது. பொள்ளாச்சி, உடுமலைத் தோப்புகள் அந்நீரால் தழைத்தவை. தோப்பைப் பாடிய நாம், நீர் பிறக்கும் இடத்தில் கொழுந்து கிள்ளியவர்களைப் பாடினோமா?

அன்று மலையேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்குகின்றனர். அவர்கள் விட்டுச் சென்ற கூடைகளை அசாமிலிருந்தும் சார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள் சுமக்கின்றனர். பாலை முடியவில்லை, ஆட்களே மாறியிருக்கின்றனர். லைன் வீட்டு முதியோரிடம் எஞ்சியிருக்கும் தாலாட்டும் ஒப்பாரியும் அவர்களோடு மறைவதற்குள், இவ்வட்டத்தின் கவிஞர்கள் மலையேற வேண்டும். காட்சி காண அன்று, காது கொடுக்க. பதினோராம் ஆண்டின் முதற்பணியாக இதனை வேண்டி அமைகிறேன்.