லினக்ஸ் மறுநிறுவல்: ஒரு புழுதி விதைப்பு
(கோவில்பட்டி வட்டார ஆசிரியர்களுக்கான கணினிப் பயிற்சியில் ஆற்றிய உரை)



நம் கரிசல் காட்டில் புரட்டாசி மழைக்கு முன்பே புழுதியில் விதைத்துவிடுவது உண்டு. லினக்ஸ் மறுநிறுவலுக்கும் அந்த முன்யோசனைதான் வேண்டும்.

2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் வந்தது நினைவிருக்கும். டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. விண்டோசை மீண்டும் நிறுவியதும் லினக்ஸ் காணாமல் போய்விட்டதாக நினைத்துவிடுகிறோம். பெரும்பாலும் போயிருப்பது, எதை இயக்குவது என்று தொடக்கத்தில் கேட்கும் 'கிரப்' மட்டுமே. நிறுவல் பென்டிரைவைக் கொண்டே அதை மீட்கலாம், மறுநிறுவலே தேவையில்லை.

தேவைப்பட்டாலும் நிறுவல் ஒன்றும் பெரிய வேலையல்ல. பிறகு வினாத்தாள்களைத் தேடுவதும், தமிழ்99 விசைப்பலகை, ஜியோஜீப்ரா என்று ஒவ்வொன்றாகச் சேர்ப்பதும்தான் நாளை விழுங்கும்.

ஆகவே முதல்முறை நிறுவும்போதே 'ஹோம்' பகுதியைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். மறுமுறை வட்டுப் பிரிப்பைத் தானியங்கியாக விடாதீர்கள். 'ரூட்' பகுதியை மட்டும் ஃபார்மட் செய்து, ஹோமை அழிக்காமல் இணைத்து, பழைய பயனர் பெயரையே கொடுங்கள். மாணவர்களின் செயல்திட்டங்கள், உலாவி அமைப்புகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். (வட்டே பழுதானால் இது காப்பாற்றாது. மதிப்பெண் பட்டியலுக்கு வெளியே ஒரு நகல் கட்டாயம்.)

அடுத்தது மென்பொருள் பட்டியல். 'ஆப்ட்-மார்க் ஷோமேனுவல்' என்ற கட்டளை, நாம் கேட்டு நிறுவியவற்றின் பெயர்களைத் தரும். எழுத்துக்கூட்டலைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அதை ஒரு கோப்பாக்கிப் பென்டிரைவில் வையுங்கள். மறுநிறுவலுக்குப் பின் அந்தப் பட்டியலை 'ஆப்ட்-கெட் இன்ஸ்டால்' கட்டளைக்குக் கொடுத்தால் எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிடும்.

இணையம் தவழும் பள்ளிகளுக்கு இன்னொன்று. ஆப்ட்-கெட் இறக்கிய தொகுப்புகள், நாம் நீக்காதவரை, 'வார்' கோப்புறைக்குள் 'கேஷ்', அதற்குள் 'ஆப்ட்', அதற்குள் 'ஆர்க்கைவ்ஸ்' என்ற இடத்தில் தங்கியிருக்கும். அவற்றையும் நகலெடுங்கள். லினக்சின் அதே பதிப்பை நிறுவி, அதே இடத்தில் திரும்பப் போட்டால் இறக்க வேண்டியது வெகுவாகக் குறையும்.

ஒரே மாதிரிப் பத்துக் கணினிகள் இருந்தால் இவ்வளவும் பத்து முறை எதற்கு? ஒன்றை முழுமையாக அமைத்து, பிள்ளைகள் கோப்புகள் சேருமுன், 'குளோன்சில்லா'வால் அதன் வட்டைப் படியெடுங்கள். பெறும் வட்டு அதே அளவோ பெரிதோ இருக்க வேண்டும். படியெடுத்தபின் ஒவ்வொரு கணினிக்கும் பெயரை மாற்றிவிடுங்கள்.

இப்போது டெர்மினலைத் திறங்கள். உங்கள் கணினியில் ஹோம் தனியாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுவோம்.